வெள்ளத்தில் மூழ்கிய 070 மரமறுப்பு மெஷின்: பிரித்தது முதல் மரத்தைத் தொட்டது வரை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி இரு கரையும் ஏறி ஓடியது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஆற்றோரத் தோட்டம் ஒன்றின் மோட்டார் கொட்டகையில் கிடந்த ஸ்டில் (Stihl) நிறுவனத்தின் 070 மரமறுப்பு மெஷின் இரண்டு நாள் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. வெள்ளம் வடிந்ததும் வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். பட்டறை மேசைக்கு அது வந்தது பதினைந்து மாதம் கழித்து. ஆறு செய்த சேதம் கொஞ்சம்தான். உள்ளே வண்டல் ஈரத்தோடு பதினைந்து மாதம் கிடந்ததே பெரிய சேதம்.

070 என்பது 1959-இல் வந்த கான்ட்ரா மெஷினின் வழி வந்தது. சிலிண்டர் விட்டம் 58 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 40 மி.மீ., கொள்ளளவு ஏறக்குறைய 106 சி.சி. வெறும் மெஷினே பத்துக் கிலோவுக்கு மேல் எடை. செயின் பிரேக் கிடையாது, கைப்பிடியில் அதிர்வு தாங்கும் ரப்பரும் கிடையாது. கிளை கழிக்கவும் தென்னை மட்டை நறுக்கவும் இது வேண்டாம், கை ஓய்ந்துபோகும். மூன்றடி சுற்றளவுக்கு மேல் உள்ள புளி, வேம்பு, வாகை அடிமரத்தை நிதானமாக அறுத்துத் தள்ளுவதற்கு இன்றைக்கும் இது நல்ல மெஷின். செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து மரக்கடைகளில் பழையவை இன்னும் கிடப்பதற்கு அதுதான் காரணம். இன்னொரு வசதி: இதே வடிவத்தில் சீனத்து நகல்கள் ஏராளமாக வந்திருப்பதால் பிஸ்டன், சிலிண்டர், பேக்கிங் செட், ஸ்டார்ட்டர் பாகம் எல்லாம் ஏதோ ஒரு தரத்தில் கிடைக்கும். அதே காலத்து வேறு பல மெஷின்களுக்கு அந்த வாய்ப்பில்லை.

கயிற்றைத் தொடும் முன்

மூழ்கிய மெஷினின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்க்கக் கூடாது. எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். ஆற்று வண்டலில் நுண்மணல் இருக்கும். கார்பரேட்டர் வழியாகவோ சைலென்சர் வழியாகவோ உள்ளே போன மணல், ஒரு இழுப்பில் சிலிண்டர் பூச்சைக் கோடு கோடாகக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, சைலென்சரை எடுத்து, எக்ஸாஸ்ட் வாசல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். இந்த மெஷினில் ரிங் பிஸ்டன் பள்ளத்திலேயே துருவோடு ஒட்டியிருந்தது. பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்கு இரண்டு கீறல். யாரோ ஏற்கெனவே இழுத்திருக்கிறார்கள்.

பிறகு மெஷினின் உடல். கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள கூடான கிராங்க் கேஸ் மெக்னீசிய வார்ப்பு. தண்ணீரில் கிடந்த மெக்னீசியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, பூப்புக்கு அடியில் எவ்வளவு ஆழம் தின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேரிங் உட்காரும் குழி, ஆயில் சீல் உட்காரும் குழி, இரு பாதி கேஸும் சேரும் முகம் ஆகிய மூன்று இடமும் சுத்தமாக இருந்தால் மெஷினை எடுக்கலாம். இந்த மூன்றில் ஒன்று தின்றுபோயிருந்தால் பணம் போடாமல், அதைப் பாகத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. இங்கே டேங்க் மூலையிலும் அடிப்பக்கத்திலும் மட்டும்தான் குழி விழுந்திருந்தது.

மெக்னீசியத்தில் ஆசிட் படக் கூடாது, மணல் பீய்ச்சும் வேலையும் வேண்டாம். கிரைண்டர் போடக் கூடாது: அந்தத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, தண்ணீர் தீயைப் பெருக்கும். பக்கத்தில் காய்ந்த மணல் ஒரு வாளி இருக்கட்டும். சுத்தம் செய்த மறுநாளே ஜிங்க் குரோமேட் பிரைமர் அடித்துவிட வேண்டும். வெறுமனே விட்டால் ஒரு வாரத்தில் மறுபடி பூக்கும்.

பிரிப்பது

இரும்பு ஸ்க்ரூவும் மெக்னீசியமும் ஈரத்தில் ஒன்றோடொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். பலமாகத் திருகினால் தலை அறுந்துவிடும். டீசலை விட்டு ஒவ்வொன்றின் கழுத்திலும் இரண்டு நாள் ஊறவைத்து, ஸ்க்ரூ தலையில் நேர்குத்தாகச் சின்னச் சுத்தியலால் பத்துத் தட்டு தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, அப்புறம்தான் கழற்ற வேண்டும். இந்த மெஷினில் அறுந்தது ஒன்று மட்டும். அந்த இடத்தைத் துளைத்து, சுருள் மரை (ஹெலிகாயில்) போட்டு அதே அளவுக்குக் கொண்டுவந்தாயிற்று. மெக்னீசியத்தில் வெறும் மரையை மறுபடி வெட்டி ஓட்டுவது நிற்காது.

கிளச்சைக் கழற்றப் பிஸ்டனை நிறுத்த வேண்டும். சிலிண்டர் துடுப்பில் ஸ்க்ரூ டிரைவரை முட்டுக் கொடுத்துத் திருப்பினால் துடுப்பு போய்விடும். பிஸ்டன் மேலேறி எக்ஸாஸ்ட் வாசல் மூடியபிறகு, பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்துவிட்டுத் திருப்புங்கள், அது மெத்தை மாதிரி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். கிளச் மரை பெரும்பாலும் இடது மரை. தட்டில் அம்பு இருந்தால் அதைப் பார்த்துத் திருப்ப வேண்டும். ஃப்ளைவீலுக்கு அதற்கான புல்லர்தான். விளிம்பில் நெம்பினால் காந்தத்தின் பிடிப்பு விட்டுப்போகும்.

கிராங்கை வெளியே எடுத்ததும் மண்ணெண்ணெய்க் குளியல், உடனே டூ-ஸ்ட்ரோக் ஆயில். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் திசையில் அசைவே இருக்கக் கூடாது. பக்கவாட்டு அசைவு இருக்கலாம், அது இயல்பு. பெரிய முனை ஊசி பேரிங்கில் துருக் குழி விழுந்திருந்தால் சுற்றும்போது சரசரப்பாகக் கையில் தெரியும். இங்கே அந்தச் சரசரப்பு இல்லை. ஆனால் கிராங்க் தண்டின் ஓட்டக் கோணல் (சுற்றும்போது தண்டு ஆடும் அளவு) 0.08 மி.மீ. இருந்தது. யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 பைக்குகளின் கிராங்க் நேராக்கித் தரும் எந்த லேத்துப் பட்டறையிலும் இதைச் செய்வார்கள். டயல் கேஜ் வைத்து 0.05-க்குள் கொண்டுவரச் சொல்லி, அந்த அளவைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

சிலிண்டர்: குரோமா, இல்லையா

பழைய மெஷின்களின் அலுமினிய சிலிண்டரில் பெரும்பாலும் கடினக் குரோம் பூச்சு இருக்கும், பின்னால் வந்தவற்றில் நிக்கல்-சிலிக்கான் பூச்சு. இரண்டையும் ரீபோர் செய்ய முடியாது. பைக் சிலிண்டர் மாதிரி லேத்தில் கொடுத்தால் பூச்சு போய், சிலிண்டரும் போகும்.

பிஸ்டன் அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கரைத்து எடுக்கலாம். முரியாட்டிக் ஆசிட் தடவலாம் என்று பலரும் சொல்வது நிக்கல்-சிலிக்கான் சிலிண்டருக்குத்தான் சரி. குரோமை அந்த ஆசிட் அரித்துத் தின்னும். எது என்று தெரியாதபோது குரோம் என்றே வைத்துக்கொண்டு காஸ்டிக் சோடாக் கரைசலைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு: கால் லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒட்டுப் பட்ட இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் அலுமினியம் நுரைத்துக் கரையும். அடிக்கடி துடைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த நுரையே சோதனையும்கூட. ஒட்டியிருந்தது கரைந்து முடிந்ததும் நுரை நின்றால் கீழே பூச்சு இருக்கிறது. தொடர்ந்து நுரைத்தால் பூச்சு ஓட்டையாகி, சிலிண்டரின் சொந்த அலுமினியமே கரைகிறது என்று பொருள். உடனே தண்ணீர் விட்டுக் கழுவி நிறுத்த வேண்டும். இந்த மெஷினில் எக்ஸாஸ்ட் வாசலுக்கு மேலே பயறளவு இடத்தில் நுரை நிற்கவில்லை. அத்தோடு பழைய சிலிண்டர் முடிந்தது.

பாகம் தேடுவது

பழைய மெஷினுக்குப் பாகம் தேடுவோர் பலர் மெஷினின் பெயரைச் சொல்லிக் கேட்டே நாளைக் கழிக்கிறார்கள். "அண்ணாச்சி, 070-க்கு ஆயில் சீல் இருக்கா?" என்றால் பேரிங் கடைக்காரர் கையை விரிப்பார். "உள்விட்டம் இவ்வளவு, வெளிவிட்டம் இவ்வளவு, தடிமன் இவ்வளவு" என்று வெர்னியர் அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் டப்பாவிலிருந்து எடுத்துத் தருவார். பழைய மெஷினில் பாதிப் பாகம் பொதுப் பாகம்தான்.

பேரிங்கில் எண் அதன் வளையத்திலேயே அடித்திருக்கும். அதே எண்ணில் சி3 என்று முடிவதை வாங்க வேண்டும். சூட்டில் விரிய அந்தக் கூடுதல் இடைவெளி தேவை. இருபுறமும் மூடி போட்டதைக் கொடுத்தால் வாங்கக் கூடாது. இங்கே பேரிங்குக்கு உயவு கொடுப்பது பெட்ரோலில் கலந்த ஆயில்தான், மூடியிருந்தால் அது உள்ளே போகாது.

ஆயில் சீலுக்குச் சாதாரண நைட்ரைல் ரப்பர் போதும் என்ற காலம் போய்விட்டது. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறிப் பருக்கும், பிறகு காய்ந்து விறைக்கும். விட்டான் சீல் விலை கூடினாலும் அதையே போட வேண்டும். பெட்ரோல் குழாயும் அப்படியே.

கண்டன்சருக்கு ஸ்கூட்டர் கடை போதும். பாயிண்ட் (மின்சாரத்தைத் திறந்து மூடிப் பொறி வரவைக்கும் தொடுமுனை) வைத்த பழைய பஜாஜ், டிவிஎஸ் 50 வண்டிகளின் கண்டன்சர் 0.2 முதல் 0.25 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். மல்டிமீட்டரில் அளந்து, ஃப்ளைவீலுக்கு வெளியே சூடு படாத இடத்தில் ஸ்க்ரூ போட்டு ஒயர் இழுத்துக்கொள்ளலாம். மூழ்கியதில் பழைய கண்டன்சர் செத்தே போயிருந்தது.

பிளக்கில் மரை நீளத்தை அளக்காமல் வாங்கக் கூடாது. இந்த மெஷினிலிருந்து வந்தது 14 மி.மீ. மரை, நீளம் 9.5 மி.மீ. பைக் பிளக்குகள் 12.7 மி.மீ. அல்லது 19 மி.மீ. இருக்கும். அதை மாட்டினால் பிஸ்டன் தலையில் இடிக்கும். பிளக் இடைவெளி 0.5.

ரிங்குக்குக் குறுக்கு வழி இல்லை. பஜாஜ் சேத்தக் பிஸ்டன் 57 மி.மீ., இதுவோ 58; ஒரு மில்லிமீட்டர்தானே என்று அந்த ரிங்கை மாட்டிப் பார்த்தவர்கள் உண்டு. விட்டம் ஒன்று கூடினால் சுற்றளவு 3.14 மி.மீ. கூடும். அத்தனையும் ரிங் வாய் இடைவெளியில் சேரும். புது ரிங்கில் அந்த இடைவெளி 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்க வேண்டும், 1 மி.மீ. ஆனால் மாற்ற வேண்டும். தடிமனும் பிஸ்டனில் உள்ள ஊசிப் பூட்டின் இடமும் வேறு. ஆக சிலிண்டர், பிஸ்டன் இரண்டும் நகல் செட்டாகவே வாங்க வேண்டியதாயிற்று. விவசாய இயந்திரக் கடைகளில் மதுரை, கோயம்புத்தூர் வரை கேட்டால் கிடைக்கும். பழைய பாகத்தின் நான்கு போல்ட் ஓட்டைகளின் மையத் தூரத்தையும், பிஸ்டன் பின் விட்டத்தையும் எழுதிக்கொண்டு போனால் தவறு வராது.

நகல் செட்டை டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே மாட்டக் கூடாது. வாசல்களின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், ரிங் அதில் மாட்டி உடையும். உள்ளே விரலால் தடவிப் பார்த்து, எண்ணெய்க் கல்லால் எல்லா வாசல் விளிம்பையும் அரை மில்லிமீட்டருக்குள் மழுக்க வேண்டும். பூச்சு உரிந்தால் அந்த சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிஸ்டன் பின்னைப் பிடிக்கக் கூட வரும் சர்க்கிளிப் மெலிசு; நல்லதாக வேறு வாங்க வேண்டும். அதன் வாய் பிஸ்டனின் மேல்-கீழ் திசையைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் பிஸ்டன் ஓடும் வேகத்தில் வாய் சுருங்கி வெளியே வந்து சிலிண்டரைக் கிழிக்கும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம்.

சிலிண்டரை இறுக்கிய பிறகு, பிளக் ஓட்டை வழியாகச் சால்டர் ஈயக் கம்பியைச் சுவர் வரை விட்டு, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து நசுங்கிய முனையை அளக்க வேண்டும், பிஸ்டன் தலைக்கும் சிலிண்டரின் மேல்முகட்டுக்கும் உள்ள இடைவெளி அதுதான். இங்கே 0.9 மி.மீ. வந்தது, சரி. அரை மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் அடி பேக்கிங்கைத் தடிப்பாக வெட்டிப் போட வேண்டும்.

சேர்ப்பது, கசிவு பார்ப்பது

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்கும் பழக்கம் இந்த வார்ப்பைப் பிளந்துவிடும். கேஸை மட்டும் மின் அடுப்பின் தகட்டில் வைத்துச் சூடாக்க வேண்டும், நேரடித் தீ கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் துள்ளி ஓடினால் போதிய சூடு. ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்த பேரிங் அந்தக் குழியில் தானாக விழுந்து உட்காரும். கேஸ் பேக்கிங்கை 0.5 மி.மீ. ஆயில் பேக்கிங் ஷீட்டில் வெட்டலாம்.

கூடிய பிறகு கசிவுச் சோதனை. இதைத் தவிர்த்தால் மற்ற எல்லா வேலையும் வீண். எக்ஸாஸ்ட் வாசலையும் இன்டேக் வாசலையும் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் ஓட்டை வழியாக 7 பவுண்டு காற்று அழுத்தம் கொடுத்தால் 20 நொடி அசையாமல் நிற்க வேண்டும். அடுத்து உறிஞ்சும் பம்பால் 15 அங்குலம் பாதரச அளவுக்கு உறிஞ்சி, 20 நொடியில் 9 அங்குலத்துக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். இரண்டும் தேவை. சீல் உதடு உள் அழுத்தத்தில் மூடிக்கொள்ளும், உறிஞ்சும்போது திறந்துவிடும். அழுத்தம் மட்டும் பார்த்தால் தப்பு தெரியாது.

இந்த மெஷின் அழுத்தத்தில் நின்றது. உறிஞ்சலில் நாலே நொடியில் பூஜ்யம். சோப்புத் தண்ணீர் எங்கும் குமிழி காட்டவில்லை. ஃப்ளைவீல் பக்கச் சீலின் மேல் ஒரு சொட்டு ஆயில் விட்டதும் அது உள்ளே இழுபட்டது. சீலை மாட்டும்போது தண்டின் சாவிப் பள்ள விளிம்பு உதட்டைக் கீறியிருக்கிறது. புதுச் சீல் ஒன்று வாங்கி, தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஆயில் தடவி அதன்மேல் வழுக்கி இறக்கியதும் சோதனை சரியாயிற்று. இந்த ஒரு கீறலோடு மெஷின் ஓடியிருந்தால், காற்று உள்ளே போய்க் கலவை நீர்த்து, புதுப் பிஸ்டன் முதல் டேங்கிலேயே ஒட்டியிருக்கும்.

பொறியும் கார்பரேட்டரும்

ஃப்ளைவீலுக்கு அடியில் வண்டல் ஒரு விரல்கடை தடிமனில் இருந்தது. பாயிண்ட்டை எண்ணெய்க் கல்லில் தேய்த்து, பெட்ரோலால் துடைத்து, இடைவெளி 0.4 மி.மீ. வைக்க வேண்டும். பாயிண்ட் எப்போது திறக்கிறது என்பதை மல்டிமீட்டர் ஒலியால் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: காயில் ஒயரைப் பிரிக்காவிட்டால் காயில் வழியாகவே மின்சாரம் போய், பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் ஒலி நிற்காது. காயிலை 60 டிகிரி சூட்டில் ஆறு மணி நேரம் காயவைத்ததில் பொறி வந்துவிட்டது. ஓட்டும்போது பாயிண்ட்டில் நீலப் பொறி பறந்து கரி பிடித்தால் கண்டன்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

கார்பரேட்டர் டில்லாட்சன் எச்எல் வகை. உடலில் அடித்திருக்கும் எச்எல் எண்ணை முழுதாக எழுதிக்கொண்டு கிட் கேட்க வேண்டும். பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடிலைத் தூக்கும் நெம்புகோலின் முனை அறையின் தரையோடு சமமாக நிற்க வேண்டும். மேலே நின்றால் பெட்ரோல் வழியும், கீழே போனால் வேகத்தில் பட்டினி. பெட்ரோலை அளந்து விடும் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வின் பக்கம் முதலில் பேக்கிங், அப்புறம் டயாப்ரம். மாற்றிப் போட்டால் அந்த உயரமே தப்பிவிடும். கார்பரேட்டருக்குக் கையால் பேக்கிங் வெட்டும்போது நடு ஓட்டையை வெட்டிவிட்டுப் பக்கத்துச் சின்ன ஓட்டையை விட்டுவிடுவார்கள். கிராங்க் கேஸின் துடிப்பு அந்த ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் பம்புக்குப் போகிறது. அடைபட்டால் சொட்டுப் பெட்ரோலும் வராது, கார்பரேட்டரைக் குறை சொல்லி நாலு தடவை கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

முழு வேகத்துக்கான எச், குறை வேகத்துக்கான எல் ஆகிய இரண்டு ஸ்க்ரூவையும் மெல்ல மூடி ஒரு சுற்றுத் திறந்து ஆரம்பிக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை நீர்த்தே எரியும், எச் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்றுக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருந்தது. சுமையின்றி முழு வேகத்தில் கரகரவென்று தெளிவில்லாமல் ஓடி, மரத்தில் பாரை (செயின் சுற்றி ஓடும் தகட்டை) இறக்கியதும் சத்தம் தெளிந்தால் சரியான இடம். சுமையின்றியே கீச்சென்று தெளிவாக ஓடினால் கலவை நீர்த்து, அதோடு ஆயிலும் குறைகிறது; உடனே நிறுத்த வேண்டும். முதல் மூன்று டேங்குக்கு லிட்டருக்கு 40 மி.லி. ஆயில். கலந்த பெட்ரோலை மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துத் தனியாகப் பிரிந்து அடியில் நிற்கும், அதில் ஆயிலே இருக்காது.

செயின், பார்

இந்த மெஷினில் இருந்தது 0.404 அங்குல செயின். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் மையத் தூரம் 20.5 மி.மீ. வந்தால் அதுதான். பார் பள்ளம் 1.6 மி.மீ. கடையில் எளிதாகக் கிடைப்பது எட்டில் மூன்று அங்குல வகை. அதற்கு மாற வேண்டுமானால் ஸ்ப்ராக்கெட்டும் பாரும் சேர்த்து மாற்ற வேண்டும், செயினை மட்டும் மாற்றினால் ஒரே நாளில் பல் தேயும். பார் நீளத்தைச் சொல்லிச் செயின் வாங்காமல், உள்பக்கப் பற்களை எண்ணிச் சொல்ல வேண்டும். அரம் 5.5 மி.மீ. வட்ட அரம், ஆழம் காட்டும் பல் வெட்டும் பல்லைவிட 0.8 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். பழைய இன்ஜின் ஆயிலைப் பாருக்கு ஊற்றுவது இங்கே வழக்கம். அதில் மிதக்கும் இரும்புத் தூள்தான் பம்பையும் பாரையும் தின்கிறது.

சோதனை அறுப்பு, ஆனிக் காற்றில் சாய்ந்த வேம்பு ஒன்றில். பனையில் சோதிக்க நினைக்கக் கூடாது: 2021 வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். செயின் பிரேக் இல்லாத மெஷின் என்பதால் பார் முனையின் மேல் பாதி மரத்தில் படக் கூடாது, பட்டால் முகத்தை நோக்கி எகிறும். மெஷின் பத்து நிமிடம் ஓடி நின்றுவிட்டது. டேங்க் மூடியைத் தளர்த்தியதும் மறுபடி ஓடியது. மூடியின் காற்று ஓட்டையில் வண்டல். ஊசியால் குத்திவிட்டதும் பிரச்சினை இல்லை.

முதல் டேங்க் தீர்ந்து மெஷின் ஆறியபின் சிலிண்டர் நட்டுகளை மறுபடி இறுக்கியதில் நான்கில் இரண்டு கால் சுற்று உள்ளே போனது. டேங்க் மூலைக் குழியில் எபாக்ஸி வைத்திருக்கிறது. எத்தனால் அதை மெதுவாக இளக்கும், மாதம் ஒரு முறை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் டேங்கைக் காலி செய்து, கார்பரேட்டரில் உள்ளது தீரும் வரை ஓட்டி, பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்துவிட்டு, சாக்கில் கட்டாமல் காற்றாட உயரத்தில் தொங்கவிட வேண்டும்.